ஈரக் கழிவு போக இருபத்துமூன்று கிலோ

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மூன்று விமானம் ஏறிப் போகிற பயணத்துக்குத் தானே திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கலாம். கேட்டால் சொல்ல மாட்டேன். (புது ஆட்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.) அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் சதீஷுக்குக் கனடாவில் கல்யாணம். பெண் தர்ஷினி, யாழ்ப்பாணத்துக் குடும்பம், அங்கேயே குடியேறியவர்கள். அவர்கள் பக்கம் இருநூறு பேர். எங்கள் பக்கம் நான் ஒருத்தி. என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மூன்றாவது வளைவு வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுகிறவர். "ஏரோப்ளேன்ல ஜன்னலைத் தொறக்க உடுவாங்களாடா?" என்று மகனிடம் கேட்டார். இல்லை என்றதும், "அப்ப உங்கம்மாவையே கூப்பிட்டுக்க" என்று முடித்துக்கொண்டார். ஆக, தாலி, கூறைப்புடவை, சீர், மாப்பிள்ளை வீட்டார் எல்லாமே நான்தான்.

சதீஷ் ஞாயிறுதோறும் போனில் பாடம் நடத்தினான். கோயம்புத்தூரில் ஏறி மும்பையில் மாற வேண்டும். மும்பையில் ஏறி லண்டனில் மாற வேண்டும்.

"பொட்டிய எங்கெங்க எறக்கோணும்?"

"எறக்கவே வேண்டாம்மா. கடைசி ஊருக்கு அதுவா வந்துரும்."

"கோத்தகிரியில பஸ் மாறுனா பொட்டி அதுவா வருதாடா?"

"இது பஸ் இல்லம்மா. நீ தாலிய மட்டும் கைப்பையில வெச்சுக்க. பெரிய பொட்டியில போட்றாத."

"செரி செரி" என்றேன். ஆனால் எனக்கென்று ஒரு மூளை இருக்கிறதே! கைப்பையை எவனும் பிடுங்குவான். பெட்டியை எவனும் உடைப்பான். டீத்தூளைத் தோண்டிப் பார்க்கிற திருடன் எங்காவது உண்டா? சம்பந்தி வீட்டாருக்கென்று ஏழு கிலோ தூள் வாங்கி ஒரே பையாகக் கட்டியிருந்தேன். தாலியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அந்தத் தூளின் நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்து, வாயைத் தைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் என்ன ரகசியம்?

அடுத்தது எடை. பெரிய பெட்டி இருபத்துமூன்று கிலோ இருக்கலாம் என்றான் மகன். எடை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் முப்பது வருஷம் இலை பறித்தவள் நான். எங்கள் ஊரில் தராசு காட்டுவதை அப்படியே எழுத மாட்டார்கள். சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை நாளானால், இலையில் ஒட்டிய தண்ணீருக்கு இவ்வளவு என்று இன்னொரு தடவை கழிப்பார்கள். சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, முற்றிய இலை கலந்திருந்தால் முத்தல் இலைக் கழிவு. 'இவ்வளவு ஏன் கழிக்கிறீங்க?' என்று முப்பது வருஷத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. (மனசுக்குள் தினமும் கேட்டிருக்கிறேன்.)

இப்போதுதான் கழிவு முதல் தடவையாக என் பக்கம் வேலை செய்யப் போகிறது! இலைக் கொட்டகைத் தராசில் பெட்டியை மாட்டினேன். முப்பது காட்டியது. காலிப் பெட்டி நான்கு. அது ஐப்பசி மாதம், ஒரு வாரமாக விடாத மழை, கூறைப்புடவை தவிர அத்தனை துணியும் நசநச என்று ஈரமாக இருந்தது. ஈரத்துக்கு மூன்று. மீதி, இருபத்துமூன்று. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால், என்னை எஸ்டேட் மேனேஜர் என்றே நினைத்திருப்பீர்கள்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் வீட்டுக்காரர் வெளியே நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை ஏற்றச் சொன்னாள். சிவப்பு எழுத்தில் முப்பது வந்தது. நான் சிரித்தேன்.

"ஏழு கிலோ அதிகமா இருக்கும்மா" என்றாள்.

அவள் கழிக்கட்டும் என்று காத்திருந்தேன். நான் எடுக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் முப்பது வருஷப் பேச்சையும் சேர்த்து வாயைத் திறந்தேன்.

"கழிச்சுக்குங்க."

"எதைம்மா கழிக்கிறது?"

"பொட்டிக் கழிவுங்க. அப்புறம் ஈரக் கழிவு. ஒரு வாரமா எங்கூர்ல மழைங்க. வேணும்னா துணியத் தொட்டுப் பாருங்க."

அவள் துணியைத் தொடவில்லை. பக்கத்துக் கவுண்டர் ஆளைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்தார். "கழிவா?" என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு குன்னூர்க்காரர்தான் விளக்கினார். "அக்கா இலைக் கணக்குச் சொல்றாங்க சார். நல்லவேளை, முத்தல் இலைக் கழிவு கேக்கல!"

வரிசையே சிரித்தது. இந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. பெட்டியைத் திறந்தேன். ஏழு கிலோ எடுக்க வேண்டும், ஏழு கிலோவில் ஒரே பை கண் முன்னால் கிடக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, இதைப் புடிங்க!"

"ஏம்புள்ள, என்னாச்சு?"

"கழிவு!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி வந்தேன். பெட்டி சரியாக இருபத்துமூன்று. அந்தப் பெண் பாராட்டாதது எனக்கு வருத்தம்கூட.

விமானம் மேலே போய் நிதானத்துக்கு வந்ததும், ஒரு பெண் டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். வெந்நீரில் யாரோ பழுப்புத் துணி அலசிய மாதிரி இருந்தது. இதெல்லாம் ஒரு டீயா, நம் தூளில் ஒரு கரண்டி போட்டிருந்தால் என்று நினைத்தேன். நம் தூள். அந்தப் பை. அதற்குள்...

எழுந்து நிற்கப் பார்த்தேன், இடுப்பில் பெல்ட் இழுத்து உட்கார வைத்தது. ஆகாயத்தில் பாதி வழியில் இறங்குகிற வசதி இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மும்பையில் கால் வைத்ததும் போன் போட்டேன்.

"ஏனுங்க, அந்தத் தூளு எங்கீங்க?"

"மேட்டுப்பாளையத்துல தங்கச்சி ஊட்டுல குடுத்துட்டனே. அதையெதுக்குச் சொமந்துட்டு மலையேறோணும்?"

"அதுக்குள்ளதானுங்க தாலி இருக்குது!"

கத்திவிட்டேன். புது ஆள் முன்னால் பேசாத நான், மும்பைப் பட்டணமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர், "தாலியப் போயி தூளுக்குள்ள எவளாவது வெப்பாளா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

லண்டனில் எப்படி மாறினேன் என்று நினைவில்லை. கனடாவில் இறங்கியபோது சதீஷும் தர்ஷினியும் மாலையோடு நின்றார்கள். மறுநாள் கல்யாணம். காரில் ஏறும் வரை அடக்கி வைத்திருந்தேன். சதீஷ், "தாலி கைப்பையில பத்திரமா இருக்குதாம்மா?" என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிரிப்புச் சத்தம் வந்தது பின்சீட்டிலிருந்து.

"அழாதேங்கோ மாமி. மஞ்சள் கிழங்கில கட்டலாம்தானே?"

"இங்கயே கடையில புதுசா வாங்கிடலாம் தர்ஷினி" என்றான் சதீஷ்.

"வேண்டாம். மாமி செய்விச்சது வரட்டும். அதுவரைக்கும் மஞ்சள் காணும், அதுவே போதும்."

இருநூறு பேர் பார்க்க, என் மகன் அவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு துண்டுக் கிழங்கைக் கட்டினான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மூலையில் நின்று அட்சதை போட்டார்கள், அதாவது நான். தங்கத் தாலி நான்கு மாதம் கழித்து ஆள் மூலமாகப் போய்ச் சேர்ந்தது. டீ வாசம் போகவே இல்லையாம்.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அவர்களுக்குள் வாய்ச்சண்டை வந்தால் தர்ஷினி சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நீங்கள் எனக்குக் கட்டினது கிழங்குதானே? மீன் குழம்பில அரைச்சுப் போட்டிட்டு என்ர பாட்டில போயிடுவன்!"

போன மாதமும் அப்படி ஒரு சண்டை. போனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு என்ற சத்தம் கேட்டு அவர்களுடைய ஐந்து வயது மகள் தட்டோடு ஓடி வந்து, "அம்மா, எனக்கு மீனில முள்ளு எடுத்துப்போட்டுத் தாங்கோ" என்றாள்.