கூரையைத் தூக்க இரண்டு பேர்

சிட்லபாக்கத்தில் சொந்தமாக மூன்று படுக்கையறை வீட்டை வைத்துக்கொண்டு, படுக்க இடம் தேடி ஊரெல்லாம் அலைந்த ஒரே மனிதர் எங்கள் பிக்கப் சார்தான்.

அவருக்கென்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கேட் பக்கத்தில் கருப்புக் கல்லில் பொறித்தும் வைத்திருந்தார். எங்கள் தெருவில் அதை வாசித்தவர்கள் கூரியர்காரர்கள் மட்டுமே. கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கனடாவில். மனைவி ஸ்டெல்லா டீச்சர் காலமான அடுத்த வருடம், ஞாயிறுதோறும் இருவரும் சர்ச்சுக்குப் போய்வந்த சின்னக் காரை விற்றுவிட்டு, பழைய பிக்கப் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. தெரு திகைத்துப் போனது. பேராசிரியர் தண்ணீர் கேன் வியாபாரத்தில் இறங்கிவிட்டார் என்றது ஒரு கட்சி. கோழிப்பண்ணை என்றது இன்னொரு கட்சி.

மூன்றாம் வீட்டு சரோஜா அக்கா எந்தக் கட்சியிலும் சேராமல் நேராகவே கேட்டார்.

“சார், அஸ்தினாபுரத்துல தங்கச்சியோட புது வீட்டுக்கு ஒரு பீரோ, ஒரு வாஷிங் மெஷின் போகணும். வண்டி வருமா?”

“இது அதுக்காக வாங்கலம்மா...”

“காலையில பத்து மணிக்கு வந்தா போதும் சார்.”

பத்து மணிக்குச் சார் போனார். பீரோவை இறக்க ஒரு கை கொடுத்து, அந்த வீட்டில் பால் காய்ச்சிக் கொடுத்த காபியைக் குடித்து, சாப்பாடும் முடித்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினார். கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் முகம் போல இருந்தது அவர் முகம்.

எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான் இதையெல்லாம் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை? மகளின் படிப்புக்காக என் குடும்பம் திருச்சியிலேயே தங்கிவிட்டது. நான் இங்கே ஒரு வங்கியில் துணை மேலாளர். “வாங்க மேனேஜர்” என்று முதல் நாளே என் பதவியிலிருந்த ‘துணை’யை நீக்கிவிட்டார் சார். துணை இல்லாதது எங்கள் இருவருக்குமே பொருந்தும் என்பது அவர் கணக்கு.

வண்டி வாங்கிய ரகசியத்தை எனக்குத்தான் முதலில் சொன்னார். பிக்கப்பின் தொட்டியில் கச்சிதமாக உட்காரும் ஒரு குட்டி அறை. வெளிநாட்டில் அதற்குக் கேம்பர் என்று பெயர். ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கும். எங்கேயாவது நிறுத்தியதும் கூரையை மேலே தள்ளினால், சுற்றிலும் கித்தான் சுவர் விரிந்து, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் வந்துவிடும். உள்ளே படுக்கை, அடுப்பு, ஜன்னல். “ஏரிக்கரையில நிறுத்தலாம் மேனேஜர். கடற்கரையில நிறுத்தலாம். மலையடிவாரத்துல நிறுத்தலாம்.”

“டீச்சருக்கு இதுல ஆசை இருந்ததா சார்?”

“ஸ்டெல்லாவுக்கா? பாத்ரூம் சுத்தமா இருக்கிற இடம்தான் அவளுக்குச் சுற்றுலாத் தலம். இப்படி ஒரு பேச்சை எடுத்திருந்தா வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருப்பா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

எந்த மாதிரிக் கேம்பர் என்று தேர்ந்தெடுப்பதில்தான் அவருக்குள் இருந்த பேராசிரியர் விழித்துக்கொண்டார். தொட்டியின் நீள அகலத்தை அளந்து, கூடத்துத் தரையில் வெள்ளை டேப் ஒட்டி, சோபாவை வெளியேற்றிவிட்டு அந்தக் கட்டத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்தார். சாப்பாடு, தூக்கம், செய்தித்தாள் எல்லாம் அதற்குள்தான். போகிறவர்களுக்கும் அதுதான் சட்டம். ஒருநாள் நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

“மேனேஜர், காலை உள்ளே எடுங்க.”

“ஏன் சார்?”

“உங்க முட்டிக்குக் கீழ மழையில நனையுது.”

காலை மடக்கிக்கொண்டேன். சரோஜா அக்கா ஒருமுறை சாம்பார் கொண்டுவந்து கொடுத்தார். ஜன்னல் எது, கதவு எது என்று தெரியாமல் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டதாக அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. “இனிமே வாசல்லயே வெச்சிட்டுப் போறேன் சார்” என்று கோபித்துக்கொண்டு போனவர், மறுநாள் டேப் மேலேயே நின்று “டொக் டொக்” என்று வாயால் சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

அடுத்தது சுவர்ச் சோதனை. கித்தானா, ரெக்சினா, தார்ப்பாயா? மூன்றையும் துணி காயப்போடும் கொடியில் மாட்டி, என்னை உள்ளே உட்கார வைத்து, வெளியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தார்ப்பாய்க்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் என் வியர்வையிலேயே நான் நனைந்துவிட்டேன். கித்தானில் காற்று வந்தது, தண்ணீரும் கொஞ்சம் வந்தது. முடிவைச் சிட்லபாக்கம் ஏரிக் கொசுக்கள் எடுத்தன. கித்தானும் உள்ளே ஒரு கொசுவலையும் என்று தீர்ப்பாயிற்று.

பிறகு ஒரு சனிக்கிழமை, குன்றத்தூர் போகும் சாலையில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டறைக்காரர் சேகர், சாரின் போனில் இருந்த படங்களை ஆராய்ந்தார்.

“இன்னா சார் இது, டிபன் பாக்ஸ் மூடியைத் தொறந்து வெச்சாமாரி கீது?”

“முடியுமா, முடியாதா?”

“முடியாம இன்னா? கூரை ரெண்டு மாரி போடலாம். ஒண்ணு, கார் பானட் கணக்கா ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கும். லேசு. நீங்களே ஒத்தக் கையால தூக்கிடலாம். ஆனா ஒரு ஆளுதான் படுக்க முடியும். இன்னொண்ணு, நாலு பக்கமும் நேரா மேல ஏறும். ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம். வெயிட்டு சாஸ்தி. அந்தாண்ட ஒருத்தர் இந்தாண்ட ஒருத்தர் நின்னு தூக்கணும். எத்தினி பேர் போறீங்க?”

சார் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அம்மா வருவாங்களா?”

“இல்ல. அவங்க இல்ல.”

சேகர் குரலைத் தாழ்த்தினார். “அப்போ பானட் மாரியே போட்டுக்க சார். உனக்கும் பேஜார் இல்லே.”

“ரெண்டாவதையே போடுங்க.”

“தனியா எப்படி சார் தூக்குவே? சரி, மோட்டார் வெச்சுத் தர்றேன். சுவிட்சைத் தட்டினா தானா ஏறிக்கும்.”

“மோட்டார் வேணாம்.”

சேகர் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்ற பார்வை. நான் என் பங்குக்கு, வயது, முதுகு, தோள்வலி என்று எடுத்துச் சொன்னேன். சார் கேட்டுக்கொண்டார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

பல்லாவரத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார்.

“ஸ்டெல்லா போனப்போ எனக்குப் பெட்ஷீட் மடிக்கத் தெரியாது மேனேஜர். அவ ஒரு முனையைப் பிடிப்பா, நான் ஒரு முனையைப் பிடிப்பேன். அப்புறம் கதவுல மாட்டி, தாடையில இடுக்கித் தனியாவே மடிக்கக் கத்துக்கிட்டேன். அரை டம்ளர் அரிசி வைக்கக் கத்துக்கிட்டேன். முதுகுல தைலம் தேய்க்கக்கூடக் கரண்டிக் காம்புல துணி சுத்தி ஒண்ணு பண்ணினேன். எல்லாமே ஒருத்தரால முடியுது. ஒருநாள் சாயங்காலம் கேஸ் சிலிண்டர்காரர் வந்து ‘சார்’னு கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தா சத்தம் வரலை. அதுக்கு முன்னாடி எப்போ பேசினேன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகம் வரலை.”

பஸ் நகர்ந்தது. அவரும் கியரைப் போட்டார்.

“ஒருத்தரால முடியற சாமான் வீட்டுல ஏற்கெனவே நிறைய இருக்கு. இது ஒண்ணாவது முடியாம இருக்கட்டும்.”

நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, பம்மல் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்றை அவசியமில்லாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேம்பர் தயாராகி வந்த அன்று தெருவே கூடியது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் சாரும் நின்று கூரையை உயர்த்தினோம். சரோஜா அக்கா ஆரத்தி எடுத்தார். “இப்ப சுவர் தெரியுது சார், நான் வாசல் வழியாவே வர்றேன்” என்று ஏறி உள்ளே உட்கார்ந்தும் பார்த்தார்.

அதன்பிறகு பிக்கப் சாரை வார இறுதிகளில் தெருவில் பார்ப்பது அரிதாகிவிட்டது. அவர் பயணமுறை விசித்திரமானது. ஒரு இடத்தில் வண்டியை நிறுத்துவார். கூரைக்கு இந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். அவ்வளவுதான். யாராவது வரும்வரை நிற்பார். வந்ததும், “கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிக்கிறீங்களா?” கூரையைத் தூக்கிவிட்டு அப்படியே போய்விடும் மனிதர் தமிழ்நாட்டில் இல்லை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. ‘இது இன்னா, எந்த ஊர், புள்ளைங்க எங்க’ என்று கேட்காமல் போகமாட்டார்கள். அதற்குள் டீ கொதித்துவிடும். திங்கட்கிழமை எனக்கு அறிக்கை வரும். “இந்த வாரம் வாத்து மேய்க்கிறவர் தூக்கினார் மேனேஜர். அவர் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க.” “இந்த வாரம் ஒரு கான்ஸ்டபிள். விரட்டத்தான் வந்தார். உப்புமா நல்லா இருக்குன்னுட்டார்.”

யாருமே வராத நாட்களும் இருந்தன. கடற்கரைப் பக்கம் ஒருமுறை இருட்டும்வரை நின்றுவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறார். அதைச் சரோஜா அக்காவிடம்தான் சொன்னாராம், என்னிடம் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. நான் திருச்சிக்குப் போகும் வாரம் அல்ல அது. நான் பால்கனியில் உட்கார்ந்து சொட்டுகிற ஓட்டைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மேனேஜர், படப்பை தாண்டி ஒரு ஏரிக்கரையில இருக்கேன். மழை பிடிச்சிடுச்சு. ஒரு ஈ காக்கா இல்ல.”

“சார், அப்படியே வீட்டுக்கு வந்துடுங்களேன்.”

“வரலாம்.” காற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தினார். “ஏரி ரொம்ப நல்லா இருக்கு.”

ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். முடிச்சூர் சாலையில் பாதி தண்ணீர், பாதி பள்ளம். எது எதுவென்று விழுந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ரெயின்கோட் காலர் வழியே இறங்கிய தண்ணீர் ஷூவில் போய்த் தேங்கியது. ஏரிக்கரையைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

கூரை தூக்கியிருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆடு மேய்க்கும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை வைத்த கொஞ்ச நேரத்திலேயே இவர்கள் வந்துவிட்டார்களாம்.

“ஆள் கிடைச்சிட்டாங்க, வர வேணாம்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்?” என்றேன், பற்கள் தந்தியடிக்க.

“பண்ணியிருக்கலாம்.” துண்டை எடுத்து நீட்டினார். “பண்ணினா வரமாட்டீங்களே.”

துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டேன். ஆடுகளோடு அவர்கள் கிளம்பிப் போனார்கள். மழை விட்டிருந்தது. நானும் கிளம்பியிருக்கலாம். ஆனால் காலையில் அந்தக் கூரையை இறக்கவும் இரண்டு பேர் வேண்டுமே என்று இருந்துவிட்டேன்.