ஹாஸ்கின்ஸ் வீட்டு மின்நிலையம்

மனிதகுலம் குகையில் வாழ்ந்தது. குடிசையில் வாழ்ந்தது. கோட்டையிலும் வாழ்ந்து பார்த்தது. ஆனால் வீடு என்பது அதில் குடியிருப்பவருக்காகக் கட்டப்படுவதல்ல என்ற பேருண்மையைக் கண்டறிய, அரிசோனாப் பாலைவனமும் ஒரு வரிச்சலுகையும் தேவைப்பட்டன. அந்தப் பேருண்மைக்குச் சாட்சியாகும் பேறு வெர்னா ஹாஸ்கின்ஸுக்குக் கிட்டியது.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் ஓரினுக்குக் கடந்த குளிர்காலத்தில் இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. “உடம்பு சூடாகக் கூடாது” என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். ஃபீனிக்ஸ் நகரத்தின் ஓரத்தில் ஜூலையில் நூற்றுப் பதினைந்து டிகிரி அடிக்கும். அங்கே இது, மீனிடம் நனையாதே என்பது போன்ற அறிவுரை. ஆகவே இருவரும் பழைய வீட்டை விற்று, டெல்மர் கிராஃப் என்பவர் கட்டிய புது வீட்டைப் பார்க்கப் போனார்கள்.

டெல்மர் வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டின் காற்றை உறிஞ்சிக் காட்டினார். எங்கும் ஒரு கசிவு இல்லை.

“ஒரு எறும்பு பெருமூச்சு விட்டாக்கூட வெளிய போகாது” என்றார்.

“எறும்பு ஏன்யா பெருமூச்சு விடுது? விலையைக் கேட்டுட்டுச்சா?” என்றார் ஓரின்.

வெர்னா குறுக்கிட்டார். “இவ்வளவு இறுக்கமா கட்டினா உங்களுக்கு என்ன லாபம்?”

“அரசாங்கம் என் வரியில கழிச்சுக்கும் மேடம். வீட்டுக்கு இவ்வளவுன்னு.”

“வீடு எங்களுது. கழிவு உங்களுக்கா?”

“கட்டுறவனுக்குத்தான் சட்டம். உங்களுக்குக் கரண்ட் பில் குறையும்ல? அதோட இதைப் பாருங்க. மின் கம்பெனி கொடுத்த பரிசு.”

சுவரில் ஒரு சிறிய கருவி இருந்தது. குளிரூட்டியின் கடிவாளம் அது. கண்ணாடி முகத்தில் ஒரு பச்சை இலை மின்னியது.

“கரண்டைக் கம்மியா வாங்குறவங்களுக்குக் கரண்ட் விக்கிறவன் எதுக்குப் பரிசு கொடுக்கிறான்?”

“நல்ல மனசு மேடம்” என்ற டெல்மர், தம் காலணியின் அழகை ரசிக்கத் தொடங்கினார்.

நல்ல மனசுதான். மாலையில் ஊரே வீடு திரும்பிக் குளிரூட்டியைப் போடும். அந்த நேரத்தில் நிறுவனம் பக்கத்து மாநிலத்திடம் மின்சாரத்தைப் பொன்விலைக்கு வாங்க வேண்டும். அல்லது புது மின்நிலையம் கட்ட வேண்டும். கசியாத வீட்டில், அந்தக் கருவி வழியாகத் தொலைவிலிருந்தே குளிரூட்டியை நிறுத்தினாலும் குளிர் சில மணி நேரம் தங்கும். பிறகு எதற்கு மின்நிலையம்? வரிப்பணத்தில், டெல்மர் கையால், வெர்னாவின் வரவேற்பறையில் அது கட்டி முடிக்கப்பட்டுவிட்டது.

வீட்டை வாங்கிக் குடியேறிய பின், ஜூன் மாதம் ஒரு நாள் நான்கு மணிக்குக் குளிரூட்டி நின்றது. கருவியில் “நன்றி! நீங்கள் நகரைக் காக்கிறீர்கள்” என்று எழுத்து ஓடியது. ஏழு மணிக்குக் குளிரூட்டி திரும்ப ஓடியது. இடையில் வீடு சூடாகவே இல்லை. ஓரின் பேஸ்பால் பார்த்தபடி தூங்கிவிட்டார்.

வீடு தேர்வில் தேறிவிட்டது. அது செய்த ஒரே குற்றம் அதுதான்.

மூன்று மணி நேரம் தாங்கும் வீடு ஏழு மணி நேரம் தாங்காதா என்று நிறுவனம் பொதுநலன் கருதி ஆராய்ந்தது. ஜூலையில் இரண்டு மணிக்கே நிறுத்தினார்கள், ஒன்பதுக்குத்தான் விட்டார்கள். கருவியை எப்படி அழுத்தினாலும் இலைதான் மின்னியது. உள்ளே தொண்ணூறு டிகிரி. சன்னலைத் திறந்தால் நூற்றுப் பதினைந்து. ஓரின் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஓரின் பேசாமலிருப்பது வெர்னாவுக்குப் பயமாக இருந்தது.

அவர் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

“எதிர்ப்பக்கம் ஒரு தகர வீடு. அங்க ஏசி நாள் பூரா கத்திக்கிட்டு ஓடுது. அதை நிறுத்த வேண்டியதுதானே?”

“ஐயோ, அது அஞ்சு நிமிஷத்துல அடுப்பாயிடும் மேடம். பாவம் இல்லையா? உங்க வீடுதான் தாங்கும்.”

“குனியுறவன் தலையிலதான் குட்டுவீங்களா? என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கும்மா.”

“நோயாளிகளுக்கு விலக்கு உண்டு மேடம். ஆனா பழைய வீடுகளுக்கு மட்டும்தான். உங்க மாதிரி உயர்தர வீட்டுல இருக்கிறவங்களுக்கு அந்த அவசியமே வராதே!”

மறுவாரம் துணைத்தலைவர் பிரெண்ட் வைக்காஃப் நேரில் எழுந்தருளினார். “சிறந்த இல்ல மின்நிலையம்” என்று பொறித்த பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்திருந்தார். கார் எஞ்சினை அணைக்கவில்லை. ஒரு காலைச் சரளையில் ஊன்றி, மறுகாலைக் காருக்குள்ளேயே வைத்துக்கொண்டு உரையாற்றினார்.

“உங்க தியாகத்தால நாங்க ஒரு மின்நிலையத்தையே கட்டாம தப்பிச்சோம்!”

“உள்ள வந்து பேசுங்க” என்றார் வெர்னா.

“நேரமில்லைங்க.”

“அந்தக் கருவியில போட்ட பூட்டையாவது எடுத்து விடுங்க. மனுஷன் சாம்பல் நிறமாயிட்டாரு.”

“அதெல்லாம் தலைமையகத்துல பேசணும். நேர்ல வாங்களேன்.”

“ஒண்ணு கேக்குறேன். எங்க வீட்டுல நிறுத்துற கரண்ட் எங்க போகுது?”

“ஒரு துளி வீணாகாது! அதுக்கு நான் உத்தரவாதம்” என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார் பிரெண்ட்.

மறுநாள் குளிரூட்டி நின்றதும் வெர்னா ஓரினைக் காரில் ஏற்றிக்கொண்டு தலைமையகத்துக்குப் போனார். கண்ணாடி மண்டபம். கதவு திறந்ததும் டிசம்பர் மாதம் முகத்தில் அறைந்தது. வரவேற்பு மேசையில் ஒரு பெண் கம்பளிக் கோட்டில் கழுத்துவரை புதைந்திருந்தாள். அவள் காலடியில் சிறிய மின்கணப்பு ஒன்று செக்கச்செவேலென்று எரிந்தது.

“வெளிய தார் உருகுது. உனக்கு எதுக்கும்மா கணப்பு?”

“இங்க குளிர் அப்படி மேடம். இது இல்லன்னா விரல் விறைச்சுடும். யாரைப் பார்க்கணும்?”

“பிரெண்ட் வைக்காஃப்.”

“மீட்டிங்ல இருக்காரு. மின்சிக்கனம் பத்தி. முடிய ஒன்பது ஆகும்.”

வெர்னா திரும்பிப் பார்த்தார். ஓரின் தோல் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முகத்தில் மெல்ல இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

“வெர்னா, இங்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?” என்றார்.

வெர்னா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தம் காலணிகளைக் கழற்றினார்.

அந்தப் பெண் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தாள். “மேடம், முன் அனுமதி இல்லாம இங்க உக்காரக் கூடாது. இது கம்பெனி இடம்.”

“இடம் உங்களுதாவே இருக்கட்டும் கண்ணு. ஆனா இந்தக் குளிர் எங்க வீட்டுது. தூக்கிட்டு வந்தது நீங்க. அது எங்க இருக்கோ, நாங்களும் அங்கதான் இருப்போம்” என்றார் வெர்னா.