நாலு வாசல் உள்ள அறை

காலை மணி பதினொன்று ஐந்து. திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மேனேஜரை அல்ல, அவர் தலைக்கு மேலே தொங்கிய தினசரி காலண்டரை. அன்றைய தாளில், 'கந்த சஷ்டி விரதம், ஐந்தாம் நாள்' என்று இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இருக்காது. சிவகாசி அச்சகம் ஒன்றில் அந்தத் தாளுக்குப் புரூஃப் பார்த்தவன் நான்தான்.

அந்த வயதில், பத்திரிகைக்காரன் என்று சொன்னால் எந்தக் கதவும் திறக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும் என்று யோசித்ததில்லை. அதுதான் விஷயமே.)

கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. செல்போனில் வரும் அழைப்புக்குக் காசு பிடிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். சிவகாசியில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு நான் பகுதிநேர நிருபர். மீதி நேரத்தில் காலண்டர் புரூஃப். மாமனார் சங்கிலிமுத்து, விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். இருபத்தாறு வருட சர்வீஸ். என் உத்தியோகத்தைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை அவர் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சொல்வார்.

"நாலு வரி எழுதுறதுக்கு முழுசா ஒரு ஆளு வேணுமா மாப்ள? எங்க கம்பெனி குடோன்ல சூப்பர்வைசர் வேலை காலியாக் கெடக்கு. வந்து சேந்துருங்க."

அந்த நாலு வரிதான் வம்பை இழுத்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடல் கரைக்குள் வளைந்து புகுந்திருக்கும் ஒரு மீனவக் கிராமத்தில், கரையிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே திமிங்கலங்கள் வந்து போவதாக எங்கள் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தீபாவளி முடிந்து கம்பெனிகளைப் பூட்டியிருந்த வாரம் அது. வருடத்தில் அந்தச் சில நாள்தான் மாமாவுக்கு லீவு. அந்த நாட்களிலும் அவர் வாசலில் நாற்காலி போட்டு, தெருவில் யாராவது ஊசிவெடியைக் கையில் பிடித்து வெடிக்கிறார்களா என்று கண்காணிப்பார்.

"அப்பாவைக் கூட்டிட்டுப் போவமா?" என்றாள் என் மனைவி செல்வி. "எனக்கு மொட்டை போடப் போனப்ப கடலைப் பாத்ததோட சரி."

மாமா கொஞ்சம் யோசித்தார். "சரி மாப்ள. தங்குறதுக்கு ஒழுங்கா ஒரு ரூமைப் புடிச்சு, திமிங்கலத்தையும் காட்டிட்டீகன்னா, குடோன் பேச்சையே இனி எடுக்க மாட்டேன்."

இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா?

"சஷ்டி நேரமாச்சே, ரூம் கெடைக்குமா?" என்று செல்வி கேட்டாள்.

"சொல்லியாச்சு" என்றேன்.

சொன்னது உண்மை. திருச்செந்தூரில் இன்னொரு பகுதிநேர நிருபருக்கு போன் போட்டுச் சொல்லியிருந்தேன். அவரும், "வாங்க தலைவரே, பாத்துக்கலாம்" என்றார். (நானே இந்த வாக்கியத்தை வாரத்துக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறவன். யாருக்கும் எதையும் பார்த்துக்கொண்டதில்லை. இருந்தும் நம்பினேன்.) பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக விரதத்தில் இருந்தார்கள். கூர்மையாகக் கவனித்தேன். எத்தனை வரிசைப் பச்சை என்றுகூட எண்ணினேன். எல்லோரும் எங்கே படுப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. இறங்கி நண்பருக்கு போன் செய்தால், அணைத்து வைத்திருந்தார்.

லாட்ஜ் மேனேஜர் என் பத்திரிகை அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், போலீஸ்காரரே ரெண்டு பேரு மாடிப்படிக்குக் கீழ படுத்திருக்காக. வேணும்னா அவுகளக் கேட்டுட்டு வாரேன், கொஞ்சம் ஒதுங்கிப் படுப்பாகளான்னு."

மாமா காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். "மாப்ள, இது உங்க பிரஸ் காலண்டருதான?"

"ஆமா மாமா."

"நல்லாத் தெளிவா அடிச்சிருக்காக" என்றார். 

அதன் பிறகு ஐந்து லாட்ஜ், இரண்டு மடம், ஒரு கல்யாண மண்டபம். வெயிலில் செல்வியின் முகம் சிவந்தது. ஒரு மணிக்கு, நாங்கள் சாப்பிட்ட ஓட்டலின் சொந்தக்காரரிடம் என் கதையைச் சொல்ல, அவர் மனமிரங்கி, சமையல் கட்டுக்குப் பின்னால் இருந்த அறையின் சாவியை எடுத்து நீட்டினார். அதில் தங்கும் சமையல்காரரான சரக்கு மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாவியைக் கொடியைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன்.

மாமா உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்று கதவைத் தள்ளினார். இழுத்தார். மறுபடியும் தள்ளினார். ஜன்னலைத் தட்டினார், ஆணி அடித்திருந்தது. மூலையில் கொசுவர்த்திச் சுருள் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேஸ் அடுப்பின் இரைச்சல்.

"ஒரு வாசல்தானா?"

"ரூமுன்னா ஒரு வாசல்தான மாமா இருக்கும்?"

"கதவு உள்ளாற தெறக்குது மாப்ள."

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்கு விதிகள் உண்டு. நாலு பேருக்கு மேல் உள்ளே உட்காரக் கூடாது. எதிரும் புதிருமாக வாசல் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஓடுகிறவன் தள்ளினாலே திறந்துகொள்ள வேண்டும். மாமா இருபத்தாறு வருடமாக இதைத்தான் பார்த்து வந்தார். ஆனால் நாங்கள் கொண்டு போயிருந்தது இரண்டு பை துணியும் ஒரு டப்பா முறுக்கும்தான்.

"இங்க என்ன மாமா வெடிக்கப் போகுது? ஒரு ராத்திரிதான?" என்றேன்.

"எந்தம்பி வேலை பாத்த ரூமுக்கும் கதவு உள்ளாறதான் தெறக்கும்" என்றார் மாமா, சாதாரணமாக.

செல்வி வீட்டுச் சுவரில் சித்தப்பா படம் ஒன்று உண்டு. மாலை போட்டது. பார்த்திருக்கிறேன். யார், எப்படி என்று கேட்டதில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்பதுதான் என் தொழில்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஓட்டல்காரர், "ஏம்ணே, ரூம் புடிக்கலையா?" என்றார். "கதவு புடிக்கல" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மூன்றரை மணிக்கு, செய்தியில் வந்த அந்த வளைகுடாக் கிராமத்தில் இறங்கினோம். லாட்ஜ் என்று ஒன்று அங்கே கிடையாது. படகு வைத்திருக்கும் ரோசம்மா என்ற அம்மாள், இடுப்பில் கை வைத்து எங்கள் மூவரையும் அளந்தார்.

"வீடு நெறையச் சொந்தக்காரவுக கெடக்காவ. கடக்கரைல வலைக் கொட்டகை ஒண்ணு இருக்கு. அதுல படுப்பியளா?"

"கதவு எப்படிம்மா?" என்றார் மாமா.

"கதவா? மேல ஓலை, நாலு மூலைக்கு நாலு கம்பு. சுவரே கெடையாது. இதுல கதவுக்கு எங்க போவ?"

"நாலு பக்கமும் தெறப்பா?"

"எட்டுப் பக்கமும்னு வச்சிக்கிடுங்க."

காலையிலிருந்து முதல்முறையாக மாமா சிரித்தார். கொட்டகைக்குள் போய், குவிந்து கிடந்த வலையை வழியில் இடறாதபடி ஒரு ஓரமாக நகர்த்தினார். மேல்துண்டை விரித்தார். "செல்வி, வந்து ஒக்காரு. முறுக்க எடு. இதாம்மா ரூமு."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. புது மாப்பிள்ளை, பத்திரிகைக்காரன், மாமனாரை மீன்வலையோடு படுக்க வைப்பதா? ஊருக்கு மேற்கே ஒரு வாத்தியார் வீட்டு மாடி காலி என்று யாரோ சொல்ல, நாலே முக்காலுக்குக் கிளம்பினேன்.

"என்னங்க, இதுவே நல்லாத்தான இருக்கு? இங்கனயே இருங்க" என்றாள் செல்வி.

"சுவர் உள்ள ரூமோடதான் வருவேன்" என்று சபதம் செய்துவிட்டு நடந்தேன். (வாக்கியம் இதேதான். வருடத்துக்கு நாலு முறை வீட்டில் என்னிடமே ஒப்பிக்கப்படுகிறது.)

வாத்தியார் மாடி காலியாகத்தான் இருந்தது. இரண்டு வாசல், இரண்டும் வெளிப்பக்கமாகத் திறந்தன. கால் மணி நேரம் நின்று, தள்ளியும் இழுத்தும் நானே பரிசோதித்தேன். வெற்றியோடு மணலில் மூச்சிரைக்கத் திரும்பியபோது ஐந்தரை. கரையில் ஊரே நின்றது. எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். கடலில் ஒன்றும் இல்லை.

"இப்பத்தான் போச்சு. இம்புட்டு நேரமா கண்ணு முன்னாலதான கெடந்துச்சு! நீங்க எங்க போனிய?" என்றார் ரோசம்மா.

"ரூம் பாக்க" என்றேன்.

மாமா முழங்கால் தண்ணீரில் நின்றார். வேட்டி நனைந்திருந்தது. முகம் வேறு யாருடையதோ போலிருந்தது.

"மாப்ள, நம்ம குடோன் கூரை அப்படியே அசைஞ்சு போற மாதிரி. முதுகுலருந்து ஒரு புஸ்வாணம் விட்டுச்சு பாருங்க... புகையில்ல, சத்தமில்ல. அம்புட்டு உசரம். அப்படியொரு சுத்தமான சரக்கை நான் பாத்ததே இல்ல."

எங்கள் பத்திரிகையில் மறுநாள் நாலு வரிச் செய்தி வந்தது. 'நேரில் பார்த்த பட்டாசு ஆலை ஃபோர்மேன் சங்கிலிமுத்து கூறியதாவது' என்று ஆரம்பித்தது. எழுதியவன் நான்.

திரும்பும் பஸ்ஸில், சாத்தூர் தாண்டியதும் மாமா என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, குடோன் வேலையப் பத்தி இனிமேப் பேச மாட்டேன்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. "தேங்க்ஸ் மாமா."

"கதவு எந்தப் பக்கம் தெறக்குதுன்னு பாக்காமச் சாவிய வாங்குற ஆளக் குடோனுக்குள்ள விட முடியாது."

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ வெளியூர் கிளம்பினால், யாராவது ஒருவர், "ரூமுக்குச் சொல்லியாச்சா?" என்று என்னைக் கேட்காமல் வண்டி நகராது.

நாலு வருடம் கழித்து விஸ்வநத்தம் போகும் ரோட்டில் வீடு கட்டினோம். கொத்தனார் ஒரு தடவை தலையில் அடித்துக்கொண்டார். வாஸ்து பார்க்க வந்தவர் பாதியிலேயே எழுந்து போனார். வீட்டுக்கு நாலு வாசல். நாலும் வெளிப்பக்கமாகத் திறக்கின்றன.