பல் டாக்டரின் பல்டி

பல் டாக்டர் மறுபடியும் ஏரிக்குள் போனார். அவர் ஓட்டிவந்த தண்ணீர் ஸ்கூட்டரான ஜெட் ஸ்கி மட்டும் சொகுசாக மிதந்தது.

உட்கார்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கி கிழவர்களுக்கு என்பது அவர் கட்சி. அவருடையதில் இருக்கையே கிடையாது. நின்றபடி ஓட்டி, அந்தரத்தில் பல்டி அடிக்கும் ரகம். ஞாயிற்றுக்கிழமை அடித்துக் காட்டுவதாக மச்சானிடம் வாய்ச்சவடால் விட்டிருந்தார். தவறினால் ஆயுசுக்கும் மச்சான் வாயில் அரைபட வேண்டும். வாயைப் பிளந்து, பதில் பேச முடியாமல் கிடப்பவர்களிடமே கதையளந்து பழகியவர். மச்சான் வாய் காலியாக இருந்ததைக் கவனிக்கவில்லை.

கரையில் விசில் மாட்டிய ஒருவர் தினமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் இளவட்டங்கள். பெரிய பயிற்சியாளர், கூடவே நமக்கு ரசிகர் பட்டாளம் என்று டாக்டரே முடிவுசெய்து யோசனை கேட்டார்.

"வண்டி கனம் சார். போட்டிக்காரங்க ஓட்டுற லேசான வண்டியா வாங்குங்க."

வாங்கினார். கால் வைத்ததுமே கவிழ்ந்தது.

"வேகம் இருந்தாத்தான் நிக்கும். எஞ்சினைப் பெருசாக்குங்க."

ஆக்கினார். விசையைத் தொட்டதும் வண்டி போய்விட்டது. டாக்டர் அங்கேயே இருந்தார்.

அடுத்த யோசனைப்படி, பாதத்தை இறுக்கிக்கொள்ள வார் வைத்தார். அதன்பின் வண்டியும் அவரும் பிரியாமல் கவிழ்ந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் ரசிகர்களில் ஒருவர் பாய்ந்துவந்து, அவரைக் கழுத்தோடு அணைத்துக் கரைசேர்த்தார். என்ன பாசம் என்று வீட்டில் போய்ப் பூரித்தார். முதலில் முட்டிபோட்டு ஓட்டிப் பழகச் சொன்னாள் மனைவி. அது கத்துக்குட்டிகளுக்கு என்று மூக்கால் சிரித்தார்.

ஞாயிறன்று மச்சான் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். டாக்டர் விசையை அழுத்தினார். வண்டி மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. டாக்டரும் பார்த்தார். பிறகு இருவருமாக ஏரியின் அடியைப் பார்க்கப் போனார்கள்.

ஒரு பெண் நீந்திப் போய் அவரை இழுத்துவந்தாள். கூட்டம் கைதட்டியது.

"என்ன மாப்ளே, பல்டி தண்ணிக்கு அடியிலயா?" என்றார் மச்சான்.

டாக்டர் குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டு விசில்காரரைக் காட்டினார். "நான் எவ்வளவு தேறியிருக்கேன்னு என் கோச்சைக் கேளுங்க."

விசில்காரர் தொண்டையைக் கனைத்தார். நனைந்து நின்ற பெண் முந்திக்கொண்டாள்.

"அவரு எங்களுக்குத்தான் சார் கோச், மூழ்குறவங்களைக் காப்பாத்துற வகுப்புக்கு, நான் பாஸாயிட்டேன், இன்னும் பாதிப் பேருக்குப் பரீட்சை பாக்கி, சீக்கிரம் போய் விழுங்க."