செடித்தகப்பன்

மனித இனத்தில் ஒரு கிளை இருக்கிறது. வாலில்லை, கொம்பில்லை, பார்த்தால் உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலின் நகத்தடியில் மட்டும் எப்போதும் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும். அதுதான் அடையாளம். இந்தக் கிளைக்கு நான் வைத்திருக்கும் பெயர் செடித்தகப்பன்.

தோட்டக்காரரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தோட்டக்காரர் செடியை வளர்ப்பவர். விதை போடுவார், தண்ணீர் விடுவார், கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போவார். செடித்தகப்பன் செடியைப் பெற்றவர். அவருக்குத் தோட்டம் கிடையாது. மூன்றாம் மாடி பால்கனியில், துணி காயும் கொடிக்கும் ஓடாத வாஷிங் மெஷினுக்கும் நடுவே ஒரு தொட்டி. ஒரே தொட்டி. ஒற்றைப் பிள்ளை பெற்றவர்கள் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியாதா என்ன?

எனக்குத் தெரிந்த செடித்தகப்பன் குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளர். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வால்வைத் திறப்பது என்று அட்டவணை போடுவது அவர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டேதான் குளிக்கிறார்கள். அப்படிப்பட்ட கல்நெஞ்சர் ஒரு நாள் ஏதோ கண்காட்சிக்குப் போய் ஒரு விதைப் பொட்டலம் வாங்கி வந்தார். வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் மூலிகை, பெயர் சிங்கக்காது. ஆளுயரம் வளரும், தண்டைச் சுற்றி முள்பந்துகள் அடுக்கடுக்காக வரும், ஒவ்வொரு பந்திலிருந்தும் ஆரஞ்சு நிறப் பூக்கள் நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் சொந்த மண்ணில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள் என்றெல்லாம் பொட்டலத்தின் பின்பக்கம் போட்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு விதை. ஒரு தட்டில் மண் பரப்பி ஊன்றினார். மூன்று வாரத்தில் ஒன்றே ஒன்று முளைத்தது. "உதவாக்கரைங்க" என்று மற்ற பதினொன்றையும் மண்ணோடு பால்கனியிலிருந்து கீழே கொட்டினார். பிழைத்த ஒன்று தொட்டிக்கு வந்தது.

அன்று முதல் அந்த வீட்டில் நாள் விடிவது கடிகாரத்தால் அல்ல. அவர் பால்கனிக் கதவைத் திறந்து, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்க்கும் வைத்தியரைப் போல அரை நிமிஷம் நிற்பார். ஈரம் சரியாக இருந்தால் குடும்பம் மூச்சு விடலாம். பிறகு டேப் எடுத்து உயரம் அளப்பார். பெற்ற மகள் வளர்ந்தபோது போடாத பென்சில் கோடுகளைச் சுவரில் வரிசையாகப் போடுவார். வெயில் ஏறினால் குடை. காற்று அடித்தால் மனைவியின் பழைய சேலை. விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன்பே பால்கனிக்கு அழைத்துப் போய், "போன வாரத்துக்கு இப்ப வளர்ந்திருக்கு, இல்ல?" என்பார். போன வாரம் அந்த விருந்தாளி வரவில்லை என்பது அவருக்குப் பொருட்டல்ல. "ஆமாம்" என்றவர்களுக்குத் தேநீர் கிடைத்தது. "அப்படியேதான் இருக்கு" என்ற மைத்துனர் இன்றுவரை திரும்ப வரவில்லை.

மூலிகையாயிற்றே, யாருக்காவது பயன்பட்டதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவர் மனைவியும் கேட்டாள்.

"இருமல் விடவே மாட்டேங்குதுங்க."

"இந்த இலையில நாலு போட்டுக் கொதிக்க வச்சுக் குடிச்சா ஒரே நாள்ல ஓடிடும்."

"அப்ப நாலு பறிச்சுக் குடுங்களேன்."

"பறிக்கிறதா!" தொட்டிக்கு முன்னால் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இருக்கிறதே நாப்பத்திரண்டு இலை. மருந்துக்கடை தொறந்துதானே இருக்கு? போய் ஒரு சிரப் வாங்கிக்க."

அந்தத் தாயுள்ளத்தைப் பார்த்து மனைவிக்குத் தொண்டை அடைத்தது. இருமலாகவும் இருக்கலாம்.

இந்தச் சமயத்தில் அவருடைய மகளுக்கு, ஐந்து மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் ஊரில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி. மனைவி ஓடினாள், ஒரு மாதம் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பினாள். இவர் போகவில்லை. முதலில் புதுத்துளிர். பிறகு வெள்ளைப்பூச்சி. பிறகு, கடவுளே, மொட்டு! மகள் கைப்பேசியில் குழந்தையின் படம் அனுப்புவாள். இவர் பதிலுக்கு மொட்டின் படம் அனுப்புவார். அடியில், 'இங்கும் நலம்.'

ஒரு நாள் மனைவி சோற்றுக் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை பஸ்சுக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. பத்து நாள். பேத்தி பொறந்து நாப்பது நாள் ஆகப்போகுது, தாத்தா மூஞ்சியை இன்னும் பார்க்கலை. வர்றதா இருந்தா வாங்க. இல்லேன்னா பக்கத்துலயே உங்களுக்கும் ஒரு தொட்டி வாங்கி வச்சுட்டுப் போறேன்."

"மொட்டு விட்டிருக்கிற நேரத்துல எப்படிம்மா..."

"நான் உங்க பொண்ணைப் பெத்தப்போ, பக்கத்து ஊருல கிரிக்கெட் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கிளம்பினார். ஆனால் தகப்பனல்லவா, அநாதையாக விட்டுவிட்டா போவார்? இருபத்தெட்டு வருஷ அனுபவத்தைத் திரட்டி ஓர் அட்டவணை எழுதினார். தினம் ஒரு டம்ளர் தண்ணீர். அதில் ஒரு கரண்டி உரக்கரைசல். அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள்: 'மண்ணைத் தொட்டுப் பார்த்து நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். எழுதியிருப்பதை மட்டும் செய்யவும்.'

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் அட்டவணையையும் ஒரு சாவியையும் கொடுத்தார். திரும்பும்போது ஒரு சந்தேகம். அந்தம்மா மறந்துவிட்டால்? மேல்மாடிக் கணக்கு வாத்தியாரிடம் ஒரு நகலும் இன்னொரு சாவியும். அவருக்கோ ஞாபகமறதி. ஆகவே கீழ்த்தளப் பல் டாக்டரிடம் மூன்றாவது. மூவரிடமும் ஒரே குரலில், ஒரே கண்ணீர் மல்கலோடு சொன்னார்: "உங்களை மட்டும்தான் நம்பி விட்டுட்டுப் போறேன். வேற யாருக்கும் தெரிய வேண்டாம், மனசு கஷ்டப்படுவாங்க."

மகள் வீட்டில் பேத்தியைக் கையில் வாங்கினார். அடிப்பக்கமாக இரண்டு கையையும் கொடுத்து, வேர் கலையாமல் நாற்றைத் தூக்குவது போல.

"கழுத்து நிக்கலையே. ஒரு குச்சி வச்சு..."

"அப்பா! இது குழந்தைப்பா!"

"தெரியும்மா, தெரியும். தினம் எத்தனை மில்லி குடுக்கிறே?"

அதன்பின் ஐந்து நாளும் அவர் பெரும்பாலும் மாடிப்படியில்தான் இருந்தார். காலையில் தையல்காரம்மாவுக்குப் போன், மதியம் வாத்தியாருக்கு, மாலையில் டாக்டருக்கு. மூவரும் "ஊத்தியாச்சு சார்" என்றார்கள். மூன்று தடவையும் அவர் மனம் குளிர்ந்தது. ஆறாம் நாள் அதிகாலையில் தையல்காரம்மா சொன்னாள்: "சார், அடி இலையெல்லாம் மஞ்சளா இருக்கு."

"மஞ்சளா!" என்று அலறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் பை அவர் தோளில்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்ல அவசரம்."

"ஆபீஸ் எப்பலேருந்து மஞ்சளாச்சு?"

அவர் செருப்பைத் தேடினார்.

"இங்க பாருங்க, ரெண்டு நாளா குழந்தை மூஞ்சியை உத்து உத்துப் பார்க்கிறா. இன்னிக்கோ நாளைக்கோ சிரிச்சுடுவா. முதல் சிரிப்பு. இருந்து பார்த்துட்டுப் போங்களேன்." கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்த அதே மனைவிதான். இந்தத் தடவை குரல் கெஞ்சியது.

"சிரிக்கிறப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மதியம் வீட்டுக் கதவைத் திறந்தபோதே நாற்றம் வந்தது. தண்டு அடியில் கறுத்துக் குழைந்து, சுவரில் கடைசியாகப் போட்ட பென்சில் கோட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. மொட்டுகள் தலை தொங்கியிருந்தன. அவர் எழுப்பிய ஓலத்தில் மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. மூன்று பேர் மூன்று சாவிகளோடு வந்து நின்று, ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் காலையில மெஷின்ல உக்கார்றதுக்கு முன்னாடி ஊத்திடுவேன்" என்றாள் தையல்காரம்மா.

"நான் கடைசி பேஷண்ட் போனதும்" என்றார் டாக்டர்.

"நான் மதியம்" என்றார் வாத்தியார். "ஆறு நாள், மூணு பேர். பதினெட்டுல இன்னிக்கு ரெண்டு கழிச்சா பதினாறு டம்ளர். பதினாறு கரண்டி உரம்."

"மண்ணு சொதசொதன்னு இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். நீங்கதான் மண்ணைப் பார்த்து முடிவெடுக்காதேன்னு ரெண்டு கோடு போட்டிருந்தீங்க."

அப்போது கைப்பேசி அடித்தது. மனைவி.

"உங்க பேத்தி சிரிச்சுட்டா! காலையில நீங்க பஸ் ஏறி அரைமணி நேரம் இருக்கும். உங்க நீலச் சட்டையைக் கொடியிலயே மறந்துட்டுப் போயிட்டீங்கல்ல? அது காத்துல ஆடுச்சு. அதைப் பார்த்து வாய் நிறையச் சிரிச்சா."

தூரத்து ஊரில் ஒரு காலிச் சட்டை தாத்தாவாகிவிட்டது.

கீழேயிருந்து காவலாளி குரல் கொடுத்தார். "சார், செத்துப்போச்சா? தொட்டி மண்ணை இந்தக் காம்பவுண்டு சுவரோரமாக் கொட்டிடுங்க. அன்னிக்கு நீங்க கொட்டின எடத்துலதான் இதெல்லாம் வந்து நிக்குது."

எட்டிப் பார்த்தார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுதான் மூன்றாம் மாடித் தொட்டியை அண்ணாந்து பார்ப்பார். சுவரோரத்தில் ஏழு செடிகள். ஆளுயரம். அடுக்கடுக்காக ஆரஞ்சுப் பூ. ஒன்றின் மேல் காவலாளியின் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது, இன்னொன்றில் சைக்கிள் சாய்ந்திருந்தது.

"அதுக்கு என்ன உரம் வச்சே?"

"உரமா? வெட்டிடணும்னுதான் பார்த்தேன். நேரமில்ல சார்."

கைப்பேசியில் மனைவி இன்னும் இருந்தாள். "நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்குதுங்க. ஏறிடுறீங்களா? சிரிச்ச குழந்தை மறுபடியும் சிரிக்கும்."

இந்த இடத்தில் அவர் ஓடிப்போய் அந்தப் பேருந்தைப் பிடித்தார், பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டார், ஆனந்தக் கண்ணீரில் சட்டை நனைந்தது என்று எழுதத்தான் எனக்குக் கை துறுதுறுக்கிறது. என்ன செய்ய? அவர் மண்வெட்டியும் புதுத்தொட்டியுமாகக் கீழே இறங்கினார்.

"சார், அது பாட்டுக்கு இருக்கு, விட்டுடுங்க" என்றார் காவலாளி.

"வர்றேம்மா, வர்றேன்" என்றார் இவர் தோளில் இடுக்கிய கைப்பேசியிடம். "இது ஒண்ணை மட்டும் தொட்டிக்கு மாத்திட்டு..."

நாலு மணிப் பேருந்து போயிற்று. தொட்டிக்கு வந்த செடி ஐந்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. காவலாளி மிச்சம் ஆறு செடிகளுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேலே ஒரு மனிதர் புது அட்டவணை எழுதிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தொட்டியே இல்லை, எனக்கென்ன என்கிறீர்கள். தொட்டிதான் வேண்டுமென்று யார் சொன்னது? ஸ்கூட்டராக இருக்கலாம், மீன் தொட்டியாக இருக்கலாம், இப்படி அச்சடித்த காகிதமாகக்கூட இருக்கலாம். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து உங்களை யாரோ கூப்பிட்டார்கள், நினைவிருக்கிறதா? "இதோ, ஒரு நிமிஷம்" என்றீர்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். அதன்பின் சத்தமில்லை.

எழுந்து போங்கள். போகிற வழியில் அந்த ஆள்காட்டி விரலை மட்டும் கழுவிக்கொண்டு போங்கள்.