கேப்புக்குள் அடங்கிய கோபம்

டிரில் மாஸ்டருக்குக் கோபம் வந்தால் அடுத்த தெரு நாய்கூட அட்டென்ஷனில் நிற்கும். அன்று வந்த கோபத்துக்குக் காரணம் மச்சான். வேலை கிடைக்கும்வரை அவன் இவர் வீட்டு முன்னறையில் தங்கப் போகிறானாம். அதுவும், வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் டிரம்ஸோடு!

"அவன் இந்த வாசப்படிய மிதிச்சான், அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

"அவன் என் தம்பிங்க," என்றாள் மனைவி.

"அதான்டி எரியுது!"

சொல்லிவிட்டுப் பல்லை நறநறவென்று கடித்தார். கடவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து கையோடு வந்துவிட்டது.

பல் டாக்டர் ஊசி போட்டு, மிச்சப் பல்லைச் சீவி, அளவெடுத்தார். பல்லுக்கு மேல் மாட்டும் நிரந்தர உறை, அதாவது கேப், செய்து வரும்வரை தாங்கட்டும் என்று தற்காலிகமாக ஒன்றை ஒட்டினார். மாஸ்டருக்கு நாக்கு மரத்து, வாய் நிறையப் பஞ்சு. அதனால் செய்ய வேண்டியது, கூடாதது எல்லாவற்றையும் டாக்டர், மாஸ்டரின் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்.

வழியெல்லாம் அவள் கவலையாக ஒப்பித்தாள். "கத்தக் கூடாதாம். பல்லைக் கடிக்கக் கூடாதாம். விசில்கூட ஊதக் கூடாதாம். மீறினா வேரோட பிடுங்கணுமாம்."

டாக்டர் மேஜையில் இருந்த குறடு ஞாபகம் வந்தது. மாஸ்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாளே மச்சான் வந்து இறங்கினான். மாஸ்டர் ஜெயித்த கோப்பைகள் கட்டிலுக்கு அடியில் போயின. அவருடைய நாற்காலியில் டிரம்ஸ் ஏறி உட்கார்ந்தது.

"மாமா, சத்தம் தொந்தரவா இருக்கா?"

மாஸ்டர் முறைத்தார். ரத்தம் கொதித்தது.

"அவர்தான் ஒண்ணும் சொல்லலையே, நீ வாசிடா," என்றாள் அக்கா.

மைதானத்தில் பையன்கள் அவர் கண்ணெதிரே வரிசையைக் கலைத்து ஆட்டம் போட்டார்கள். விசில் கழுத்தில் சும்மா தொங்கியது. என்ன அநியாயம் இது! எல்லாக் கோபத்தையும் சேர்த்து வைத்தார். நிரந்தர கேப் வரட்டும், அன்றைக்கே டிரம்ஸ் தெருவில்!

அந்த நாளும் வந்தது. புது கேப்பை ஒட்டி முடித்த டாக்டர் கேட்டார். "பழசு தொந்தரவு பண்ணலையே?"

"நான் எங்க சார் வாயத் திறந்தேன்? கத்தினா பல்லைப் பிடுங்கணும்னு சொன்னீங்களாமே!"

"நானா? ஒட்டற மிட்டாய் வேண்டாம், பல்லைக் கடிக்காதீங்கன்னுதான் சொன்னேன். கத்தறதுக்கும் பல்லுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

மாஸ்டர் வீட்டுக்குப் பறந்தார். வாசலிலேயே வெடித்தார்.

"ஏய்! கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லவே இல்லையாமே! பொய்யாடி சொன்னே?"

"ஆமா. சொல்லலைன்னா அவனை உள்ள விட்டிருப்பீங்களா?"

கூசாமல் சொன்னாள். முன்னறையில் டமடமவென்று டிரம்ஸ் முழங்கியது. மாஸ்டர் பல்லை நறநறவென்று கடித்தார். புது கேப் அசையவில்லை. அதற்கு நேர் மேலே இருந்த பல் உடைந்து கையில் விழுந்தது.

அவள் பதறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, போலாம். இந்தத் தடவையும் டாக்டர் சொல்றத நானே கேட்டுக்கறேன்."