கைலாசத்துக்கு வழியனுப்பப்பட்டவர்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்,
14 ஆகஸ்டு 1932.

கிள்ளானில் இருக்கும் அருமை மைத்துனர் வேலாயுதத்துக்கு, அத்தான் சிங்காரவேலு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் இராஜம்மாவும் சுகம். அங்கும் அப்படியே இருக்க முருகன் துணை. சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். நிஜத்தில் எனக்குச் சுகமில்லை.

நான் கைலாசம் போவதாக நீ கேள்விப்பட்டிருப்பாய். ஏன் கிளம்பினேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷம் ரயில்வே குமாஸ்தாவாக உழைத்தவனை, ரப்பர் விலை விழுந்துவிட்டது என்று மற்றப் பதின்மூன்று பேரோடு ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினாலு பேருக்கும் சேர்த்து ஒரே டீ பார்ட்டி, ஒரே போட்டோ. முன்னால் நின்றவரின் தலைப்பாகை மறைத்து, அதில் தெரிவது என் இடது காது மட்டும். போன மாசம் காசிக்குப் போன ஒருவருக்கு நம் வாசகசாலையில் தனியாக மாலை, தனியாகப் போட்டோ. காசிக்கே இவ்வளவு என்றால் கைலாசத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, காரியதரிசி வாசுவிடம் போய், "தம்பி, நான் கைலாச யாத்திரை போறேன்" என்றேன். எல்லாம் நடந்தது. ரோஜா மாலை, வாழ்த்துப்பா, நடு நாற்காலி. போட்டோவை வாசகசாலைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. இரண்டு காதும் தெரிகிறது.

அதற்கப்புறம்தான் வழி விசாரித்தேன். கம்பளிக் கோட்டு வாங்க ஜவுளிக்கடை பீர் முகம்மதுவிடம் போனால், கல்கத்தாவிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். "அண்ணே, திபெத்துப் பக்கம் சண்டைலா. காலையில உள்ள போக பாஸ் குடுத்தவன் சாயங்காலம் ஆபீஸ்ல இருக்க மாட்டான். சாயங்காலம் வந்தவன் அந்த பாஸைக் கிழிச்சிடுவான். கோட்டை வாங்கிக்குங்க, இங்க மழைக்கு ஆகும்" என்றார். சரி, ஏறவாவது முடிகிறதா பார்ப்போம் என்று அந்தக் கோட்டோடு பத்துமலை முருகன் கோயில் படி ஏறினேன். பாதியில் கண் இருட்டிவிட்டது. தூக்கி இறக்கிய இரண்டு பேரில் ஒருத்தன் வாசகசாலை ஆள். "ஐயா ஒத்திகை பார்க்கிறார்" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டான். உன் அக்காளோ, "போட்டோவும் ரெடி, மாலையும் ரெடி, நீங்க போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி" என்கிறாள்.

ஆகவே வேலாயுதம், என் மானம் உன் கையில். வெள்ளிக்கிழமை மேளத்தோடு வந்து, கப்பலேற என்னைப் பினாங்கு ரயிலில் ஏற்றுவார்கள். வழியில் சுங்கை பூலோ ஸ்டேஷனிலேயே இறங்கி லோரி பிடித்துக் கிள்ளான் வந்துவிடுகிறேன். உன் வீட்டுப் பின்னறையில் மூன்று மாசம் இடம் கொடு. வெளியே தலை காட்ட மாட்டேன், தாடி வளர்ப்பேன். திரும்பும்போது ஆளுக்குக் கொஞ்சம் மானசரோவர் தீர்த்தம் கொடுக்க வேண்டும். கிள்ளான் ஆற்றுத் தண்ணீர் நிறத்தில் காட்டிக் கொடுத்துவிடும், உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் போதும். யாரிடமும் மூச்சு விடாதே.

உன் சம்சாரம் தங்கமணிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். நோய்நொடி இல்லாமல், மலை ஏறும் ஆசையும் இல்லாமல் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சிங்காரவேலு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிறேன், நீயே வாசலில் வந்து நிற்கிறாய். கையில் டிரங்குப் பெட்டி, கழுத்தில் வாடாத மாலை. "அத்தான், உங்களைத் தனியா விட மனசு வரல. நானும் கைலாசம் வரேன். நேத்து கிள்ளான்ல டீ பார்ட்டி வச்சு, போட்டோ எடுத்து மாட்டிட்டாங்க" என்கிறாய். உன் அக்காள் உனக்குக் காப்பி போடுகிறாள். கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கிறேன், உட்கார்ந்து படி. படித்துவிட்டு ஒன்று மட்டும் சொல்: நாம் இரண்டு பேரும் ஒளிய வேறு எந்த ஊரில் நமக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள்?